பட்டன் சொன்ன பொய்

கார் விஷயத்தில் நான் வெறும் பி.காம். காருக்குக் கடன் வாங்கினால் வட்டி எவ்வளவு, வருடத்துக்குத் தேய்மானம் எவ்வளவு எழுதலாம் என்றெல்லாம் கேட்டால் சொல்வேன். பானெட்டைத் திறந்தால் மட்டும், கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் தெரியாமல் நுழைந்துவிட்ட மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஓரமாக நின்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

அப்பேர்ப்பட்டவனை, உலகத்துக்கே கார் செய்து கொடுத்த டெட்ராய்ட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். 2024 ஆகஸ்ட் மாதம். அக்கா குடும்பம் டெட்ராய்ட்டுக்கு வடக்கே ராயல் ஓக் என்ற ஊரில் இருக்கிறது. அத்தான், கார்களுக்கு எலெக்ட்ரானிக் சமாசாரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறார்.

ஊர் சுற்றத்தான் வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாலும், உள்ளே ஒரு அஜெண்டா இருந்தது. அப்பா. திருச்சியில் வங்கியில் ஹெட் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்காத ஆசாமி. அந்த ஜூனில் காந்தி மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போய், காய்கறி வாங்கி, பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்கூட்டர் மறுநாள் காலை வரை மார்க்கெட்டிலேயே நின்றது. சாவியைப் பிடுங்கிவிடலாமா, வீட்டை விற்றுவிட்டு அவரை யாரோடாவது வைத்துக்கொள்ளலாமா என்று அக்காவும் நானும் முடிவு செய்ய வேண்டும். அக்கா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். "சாவியைப் பிடுங்குடா. என்னமோ ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

நான் "பார்க்கலாம்" என்றேன். தைரியமில்லாதவர்களின் தேசிய கீதம் அது.

*

ராயல் ஓக்கின் மேற்கு ஓரமாக ஓடுகிறது உட்வர்ட் அவென்யூ. டெட்ராய்ட் ஆற்றங்கரைப் பக்கம் ஆரம்பித்து பான்டியாக் ஊர் வரை வடமேற்காக நீள்கிற அகலமான சாலை. குறுக்கே வரும் தெருக்களுக்குப் பெயர் வைக்க யாரோ சோம்பல்பட்டிருக்கிறார்கள்: எட்டு மைல் ரோடு, ஒன்பது மைல் ரோடு, பத்து மைல் ரோடு என்று எண்ணிக்கொண்டே போகிறார்கள். எட்டு மைல் ரோடுதான் டெட்ராய்ட் நகரத்தின் வடக்கு எல்லை. இன்னொரு விசேஷம், உட்வர்டில் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நேராகத் தாண்டிப் போய், நடுத்திட்டில் இருக்கும் இடைவெளியில் யூ டர்ன் அடித்து வர வேண்டும். நம்ம ஊரில் இதைத் திட்டிக்கொண்டே செய்கிறோம். அங்கே போர்டு வைத்துச் செய்கிறார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்றாவது சனிக்கிழமை இந்தச் சாலையில் ஒரு தேரோட்டம். 1995-இல் ஆரம்பித்த உட்வர்ட் டிரீம் க்ரூஸ். பரணிலிருந்து பாட்டியின் நகையை எடுத்துப் போட்டுக்கொள்வது மாதிரி, ஷெட்டில் இருக்கும் பழைய கார்களை எல்லாம் எடுத்துத் துடைத்து உட்வர்டில் உருட்டிக்கொண்டு போகிறார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. இரண்டு பக்கமும் ஜனங்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். நாற்காலி போட வியாழக்கிழமையே இடம் பிடித்து வைக்கிறவர்களும் உண்டு. ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் தேர் ஓடும் நாள் ஆகஸ்ட் 17. முதல் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு டிரைவ்வேயில் ஒரு தேர் நகர மறுத்தது.

*

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். மனைவி இல்லை. மகன் வேறு மாநிலத்தில். துணைக்கு ஒரு 1964 பிளிமத் வேலியன்ட், வெளிர் நீல நிறம். அவருடைய அப்பா புதிதாக வாங்கியது. அப்பா, மகன் இரண்டு பேருமே ஹாம்ட்ராம்க்கில் இருந்த 'டாட்ஜ் மெயின்' தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள்.

என்னை உள்ளே உட்காரவைத்துப் பெருமையாகக் காட்டினார். ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், டேஷ்போர்டில் வரிசையாக ஐந்து பட்டன்கள். ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், 2, 1. பக்கத்தில் 'பார்க்' செய்ய ஒரு குட்டி லீவர். கியர் ராடு என்ற வஸ்து எங்குமே இல்லை. அம்பாசடரில் ஸ்டியரிங்கை ஒட்டிய கியரோடு மல்லுக்கட்டிய பரம்பரை நான். லிஃப்டில் மூன்றாவது மாடிக்கு அழுத்துவது மாதிரி கியர் போடலாம் என்றால் நம்பக் கஷ்டமாக இருந்தது.

"1956 மாடலில் கிரைஸ்லர் கொண்டுவந்தது. 1964 மாடலோடு முடிஞ்சு போச்சு. இது கடைசி வருஷத்து வண்டி" என்றார்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பட்டன் எப்படி வேலை செய்தது? மற்ற சில கம்பெனிகள் மின்சாரத்தை நம்பின. 1958-இல் வந்த எட்செல் காரில் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலேயே கியர் பட்டன்கள். ஒரு மின் மோட்டார் கியரை மாற்றும். காலங்காலமாக ஹாரன் இருந்த இடம் அது என்பதைக் கவனிக்கவும். அடுத்த வருஷமே எடுத்துவிட்டார்கள். கிரைஸ்லர் செய்தது இதைவிட எளிமை. பட்டனுக்குப் பின்னால் ஒரு கேபிள், அவ்வளவுதான். நம்ம சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி, வெளியே உறை, உள்ளே கம்பி. பட்டனை அழுத்தினால் கம்பி நகரும். கம்பி நகர்ந்தால், அடியில் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு வால்வு நகரும். எந்தக் கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தம் போக வேண்டும் என்பதை அந்த வால்வு தீர்மானிக்கும். மூன்று கியர்களுக்கு நடுவே மாறுவதை எண்ணெயே பார்த்துக்கொள்ளும். அந்த கியர்பாக்ஸுக்கு டார்க்ஃபிளைட் என்று பெயர். பட்டன் போன பிறகும் பல வருஷங்கள் அதே கியர்பாக்ஸ் லீவரோடு ஓடியது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, அழகாக உறுமுகிறது. 'டிரைவ்' அழுத்தினால் வண்டி நகரவில்லை. 'ரிவர்ஸ்' அழுத்தினாலும் நகரவில்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் பட்டன் மட்டும் சமர்த்தாக உள்ளே போகிறது.

*

ஐந்து நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. அமெரிக்காவில் கூட்டம் கூடாது என்று சொன்னவர்கள், பழைய கார் நின்றுபோய்ப் பார்த்ததில்லை.

"கியர்பாக்ஸ் காலி. முழுசா இறக்கிப் பிரிக்கணும்" என்றார் ஒருவர். அவர் சொன்ன டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். திருச்சியில் ஒரு செகண்ட் ஹேண்ட் காரே வாங்கலாம். பெரியவரின் மகன் போனில் வந்தான். "டாட், போதும். வித்துடலாம்னு ரெண்டு வருஷமா சொல்றேன். உங்களால இனிமே இதைப் பார்த்துக்க முடியாது." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அத்தான் இந்திய வைத்தியம் ஒன்று சொன்னார். "எல்லாரும் சேர்ந்து தள்ளிப் பார்க்கலாமா?"

நான் சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. "இந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ஆனா இதுல பின்பக்கமும் ஒரு எண்ணெய் பம்ப் இருக்கு, தள்ளினா ஸ்டார்ட் ஆகும். ஆனா இப்போ பிரச்னை ஸ்டார்ட் ஆகறது இல்லையே" என்றார். அத்தான் கெத்தாக என்னைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு பெரியவர் நிதானமாக ஆரம்பித்தார். "காசு செலவில்லாததை முதல்ல பார்க்கணும்." அந்த வாக்கியத்தை அப்பாவின் வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

முதலில் எண்ணெய். வண்டி நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸின் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். குறைந்திருந்தால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், எந்தக் கியரும் பிடிக்காது. அளவு சரியாக இருந்தது. நிறம் சிவப்பு. மோந்து பார்த்தார், என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். தீய்ந்த வாசனை வந்தால் உள்ளே கிளட்ச் கருகியிருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை.

அடுத்து, நோயின் குணம். "முன்னால போகுது, ஆனா ஒண்ணாவது கியர்லயே முக்குதுன்னா அது வேற நோய். வேகத்தைப் பார்த்து எண்ணெய் அழுத்தத்தை அனுப்பற கவர்னர் சிக்கியிருக்கலாம். ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து கியர்பாக்ஸுக்குப் போற கம்பி சரியா அட்ஜஸ்ட் ஆகாம இருக்கலாம். பட்டனே உள்ளே போகலைன்னா கிரீஸ் காய்ஞ்சிருக்கும், இல்லே கேபிள் துருப்பிடிச்சிருக்கும். அப்போ பலமா அழுத்தவே கூடாது, உடைஞ்சுடும். ஆனா இங்கே முன்னாலயும் போகலை, பின்னாலயும் போகலை. பட்டன் மட்டும் வழக்கத்தைவிட லேசா உள்ளே போகுது."

என்ஜினை அணைத்துவிட்டு யோசித்தார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருந்தார், ஹேண்ட் பிரேக்கும் போட்டிருந்தது. டிரைவர் சீட்டில் நான் சும்மா இருக்க மாட்டாமல் 'டிரைவ்' பட்டனை அழுத்தி, சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"நிறுத்து!" என்று கத்தினார் பெரியவர். பயந்துபோய் அணைத்தேன். கிட்டே வந்து குனிந்து, "எந்தப் பட்டன் அழுத்தியிருந்தே?" என்றார்.

"டிரைவ். சாரி."

கிழவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "மறுபடியும் செய்."

விஷயம் இதுதான். இந்த வண்டி நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். டிரைவில் ஸ்டார்ட் ஆகி ஆளை ஏற்றிவிடக் கூடாதே என்று கியர்பாக்ஸிலேயே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அந்த சுவிட்ச் பட்டனைப் பார்ப்பதில்லை; உள்ளே வால்வு நிஜமாக எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கிறது. பட்டன் 'டிரைவ்' என்கிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. அப்படியென்றால் கியர்பாக்ஸ் நியூட்ரலிலேயே உட்கார்ந்திருக்கிறது. பட்டன் சொன்னது அதன் காதில் விழவே இல்லை.

எனக்குப் பளிச்சென்றது. நாலு வருஷம் படித்த, ஸாரி, மூன்று வருஷக் கோர்ஸை நாலு வருஷம் படித்த பி.காம். முதல் தடவையாக உதவிக்கு வந்தது. கேஷ் புக்கில் பணம் கட்டியதாக எழுதியிருக்கிறது, பாஸ்புக்கில் ஏறவில்லை. அதற்காக வங்கி திவாலாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? செக் நடுவில் எங்கோ நிற்கிறது என்று அர்த்தம். பட்டன் என்பது நம் கணக்கு. கியர்பாக்ஸ் என்பது வங்கியின் கணக்கு. நடுவில் செக்கைக் கொண்டுபோகும் பையன், கேபிள். கியர்பாக்ஸைப் பிரிக்கவே வேண்டாம். பையனைத் தேடினால் போதும்.

*

அத்தான் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். ஜாக்கை மட்டும் நம்பாமல், பெரியவர் இரும்பு ஸ்டாண்டுகள் வைத்த பிறகுதான் புகவிட்டார்.

"மாப்ளே, கேபிள் கியர்பாக்ஸுக்குள்ளே போற இடத்துல ஒரு பல் வெச்ச சக்கரம் இருக்கு. கையால சுத்தினா சுத்துது."

அந்தச் சக்கரம்தான் கேபிளின் நீளத்தைச் சரிசெய்வது. சரிசெய்த பிறகு அசையாமல் இருக்க ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டுப் பூட்டிவிட வேண்டும். ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் துளை மட்டும் இருந்தது. அதிர்வில் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று, கேபிளின் உறையே கழன்று வந்திருந்தது. பட்டனை அழுத்தினால் உள்கம்பிக்குப் பதில் உறை நகர்ந்துகொண்டிருந்தது.

"யாரோ மெக்கானிக் மறந்திருக்கான்" என்றேன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஷெட்டுக்குள் போனார். அலமாரியில் வரிசையாக ஜாம் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் நட்டு, போல்ட்டு. கடைசி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே ஒரே ஒரு ஸ்க்ரூ. மேலே ஒட்டிய டேப்பில் அவர் கையெழுத்து: 'வேலியன்ட். கேபிள். மறக்காதே.'

ஏப்ரலில் அவரே கேபிளை அட்ஜஸ்ட் செய்திருக்கிறார். நடுவில் போன் வந்திருக்கிறது.

"மகன்கிட்டே சொல்லாதே" என்றார், என்னைப் பார்க்காமல்.

அக்கா அப்போதுதான் காபி கொண்டு வந்தாள். டேப்பில் இருந்ததைப் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

அட்ஜஸ்ட் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் 'ரிவர்ஸ்' பட்டனைக் கடைசிவரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து கேபிளை உள்ளே தள்ளி, சக்கரத்தைச் சுற்ற வேண்டும். என்ஜின் அணைந்திருக்க வேண்டும். கட்டைவிரல் வேலை எனக்கு. பெரியவர் பழைய சர்வீஸ் புத்தகத்தை மூக்கருகில் வைத்துப் படிக்க, அத்தான் சக்கரம் கியர்பாக்ஸைத் தொடும் வரை சுற்றி, பிறகு புத்தகம் சொன்ன கணக்குப்படி துளைகளைச் சத்தமாக எண்ணித் திருப்பி, ஸ்க்ரூவைப் போட்டார். பெரியவரே குனிந்து, அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

மறுபடியும் பரீட்சை. 'டிரைவ்' அழுத்திச் சாவியைத் திருப்பினேன், சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகாததற்கு நாலு பேர் கைதட்டிய வண்டி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். 'நியூட்ரல்', சாவி, உறுமல். கட்டைகளை எடுத்துவிட்டுப் பெரியவர் உட்கார்ந்து 'டிரைவ்' அழுத்தினார். வேலியன்ட், கோயில் யானை மாதிரி, ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நகர்ந்தது.

செலவு: பூஜ்யம்.

*

சனிக்கிழமை விடிகாலையில் எங்களை ஏற்றிக்கொண்டு, க்ரூஸ் நடக்கும் வடக்குப் பக்கம் போகாமல் தெற்கே திருப்பினார். எட்டு மைல் ரோட்டைத் தாண்டினோம். ஏழு மைலுக்கும் ஆறு மைலுக்கும் நடுவே, "இந்த ஒரு மைல்தான் நாட்டிலேயே முதல்ல கான்கிரீட் போட்ட நெடுஞ்சாலை, 1909" என்றார். ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டின் பழைய தொழிற்சாலை. 1913-இல் இங்கேதான் வண்டியை நகரவிட்டு ஆளை நிற்கவைத்தார்கள். ஒரு மாடல் டி-யின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது.

பிறகு ஹாம்ட்ராம்க். 1910-இல் ஆரம்பித்த டாட்ஜ் மெயின் 1980-இல் மூடப்பட்டது. அதை இடித்து, பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்து இடித்து, வேறொரு கம்பெனி தொழிற்சாலை கட்டிவிட்டது. பெரியவர் வேலிக்கு வெளியே நிறுத்தி, 'நியூட்ரல்' அழுத்தினார். "அப்பா நின்ன இடம் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்" என்று கை காட்டினார். எனக்கு வேலிதான் தெரிந்தது. அவருக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது: கேட், பஸ், ஷிஃப்ட் முடிந்து வரும் கூட்டம், அப்பாவின் டிபன் டப்பா. ஏப்ரலில் வைத்த ஒரு ஸ்க்ரூ மட்டும்தான் நழுவியிருக்கிறது.

திரும்பும்போது அத்தான் தன் ஆபீஸ் கதை சொன்னார். இப்போது பல புதுக் கார்களில் மறுபடியும் பட்டன் கியர் வந்துவிட்டது. கேபிளுக்குப் பதில் மின்கம்பி. 2016-இல் ஒரு பெரிய நிறுவனம், எலெக்ட்ரானிக் கியர் பிடி வைத்த 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 'பார்க்' விழுந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் இறங்க, வண்டி தானாக உருண்டிருக்கிறது. "நாம அழுத்தினதும் உள்ளே நடந்ததும் ஒண்ணுதானான்னு செக் பண்றதுதான் மாப்ளே என் வேலையே" என்றார்.

அன்று முழுக்க உட்வர்டில் நத்தை வேகத்தில் உருண்டோம். பின்பக்கம் துடுப்பு முளைத்த காடிலாக்குகளும் நெருப்பு வரைந்த பழைய ஃபோர்டுகளும் எங்களைத் தாண்டிப் போயின. மடக்கு நாற்காலியில் இருந்த ஒரு பொடியன், "அந்த பட்டனை அழுத்துங்க!" என்று கத்தினான். பெரியவர் பெருமையாக 2-ஐ அழுத்திக் காட்டினார்.

*

ராத்திரி அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "சாவியை இப்போ பிடுங்க வேணாம்டா. முதல்ல டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போ. பி12 குறைஞ்சாலும் தைராய்டு கெட்டாலும் மறதி வருமாம். ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும். அது இல்லேன்னு தெரிஞ்ச பிறகு பெரிசா யோசிக்கலாம்."

"காசு செலவில்லாததை முதல்ல" என்றேன்.

"அதுவரைக்கும் மார்க்கெட்டுக்கு அவர் பின்னாடி நீ உட்கார்ந்து போ."

அப்பாவுக்குப் போன் போட்டேன். திருச்சியில் காலை நேரம். டாக்டர் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்தேன். "ஸ்கூட்டர் சாவி பத்திரமா இருக்காப்பா? எங்கே வெச்சிருக்கீங்க?"

"ஆணியில தொங்குது. உனக்கென்ன அவ்வளவு கவலை?" ஒரு நொடி நிறுத்தினார். "உன் பாஸ்போர்ட்டை எங்கே வெச்சிருக்கே, சொல்லு பார்ப்போம்."

சட்டைப் பையைத் தொட்டேன். பேண்ட் பையைத் தொட்டேன். பிறகு, போனைக் கையில் பிடித்தபடியே, பக்கத்து வீட்டு ஷெட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தேன்.